எரிநட்சத்திரமும் உம்மாவின் இத்தாவும்



எரிநட்சத்திரம் விழுவதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் ஊர்களில் வீட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பார்கள் சிலர். பார்த்ததைப் பிறரிடம் சொல்லக் கூடாது, சொன்னால் மறதி வரும் என்பார்கள் வேறு சிலர். மனத்தில் ஒன்றை நினைத்துக்கொண்டால் அது நடக்கும் என்று இக்காலப் பிள்ளைகள் சொல்கிறார்கள். இது திரைப்படங்களிலிருந்து வந்த புதுச் சட்டம். எங்கள் வீட்டில் என் உம்மம்மாவின் காலந்தொட்டு இருந்தது ஒரே சட்டம்தான். நட்சத்திரம் விழுந்தால் ஊரில் ஒரு மௌத் உண்டு. எந்தத் தெருவில் என்பது மட்டுமே தெரியாது.

மூட நம்பிக்கை என்ற ஒரே சொல்லால் இவற்றை ஒதுக்கிவிடுவது மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு எளிது. கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். இந்தச் சட்டம் என் உம்மாவிடம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது தெரியவந்தபோதோ, கரும்பலகை எதற்கும் உதவவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் வாப்பா 2023 ஆகஸ்ட் 17ஆம் நாள், ஹிஜ்ரி 1445 முஹர்ரம் மாதத்தின் கடைசியில், வஃபாத்தானார்கள். காயல்பட்டினத்தில் பெண்மக்கள் திருமணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே வாழ்வது வழக்கம் என்பதால், உம்மா இத்தா இருந்த அந்த நான்கு மாதமும் பத்து நாளும் நான் அவர்களோடுதான் இருந்தேன். கணவரை இழந்த பெண்ணுக்கு இந்தக் காலக் கெடுவை அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. அவள் தன் இல்லத்தில் தங்கியிருக்க வேண்டும்; அலங்காரத்தையும் நறுமணத்தையும் தவிர்க்க வேண்டும்; மறுமணப் பேச்சு நிச்சயமாகக் கூடாது. ஃபிக்ஹு நூல்களில் நான் படித்ததும் மாணவிகளுக்கு நடத்துவதும் இவ்வளவே.

ஆனால், எங்கள் உறவுப் பெண்கள் கொண்டுவந்த பட்டியல் இதைவிட நீளமானது. ஜன்னலுக்குத் திரை போட வேண்டும், அறையில் வெளிச்சம் கூடாது, தூக்கி வைத்திருக்கும் ஆண் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது என்று அது நீண்டுகொண்டே போனது. அதில் ஒன்று, இத்தாவில் இருப்பவள் வானத்தைப் பார்க்கக் கூடாது என்பது. இதற்கு எந்த நூலில் ஆதாரம் இருக்கிறது என்று நான் கேட்டபோது, “எல்லாத்தையும் கிதாபுல தேடாதே புள்ளே, பெரியவங்க செஞ்சது” என்று பதில் வந்தது. பெரியவர்கள் செய்தவற்றில் நல்லவை ஏராளம் உண்டு. ஆயினும் துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து வானத்தையும் பறித்துக்கொள்வதை மார்க்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் கொல்லை எங்கள் வீட்டின் பகுதி. சுற்றுச்சுவர் ஆளுயரத்துக்கு மேல் இருக்கிறது. உம்மா விரும்பினால் அங்கே போய் உட்காரலாம் என்று சொல்லிவிட்டேன்.

வியப்பு என்னவென்றால், உம்மாவே போகவில்லை. பகலில் கிணற்றடிவரை வருவார்கள். மஃரிபுக்குப் பிறகு கொல்லைக் கதவைத் தாண்டமாட்டார்கள். உறவுக்காரர்களின் பேச்சுக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் வற்புறுத்தாமல் விட்டுவிட்டோம்.

டிசம்பர் மாதத்தின் தொடக்கத்தில் மதரஸாவில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சூரா அல்முல்க் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் வானத்தை விளக்குகளால் அலங்கரித்து, அவற்றை ஷைத்தான்களை விரட்டும் எறிபொருளாகவும் ஆக்கியதாக அல்லாஹ் கூறும் ஐந்தாம் வசனம் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை எழுந்து, “ஆலிமா, ஸ்கூல்ல இது விண்வெளித் தூசுன்னு சொல்றாங்க. பரீட்சையில எதை எழுதறது?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை.

“ஸ்கூல் பரீட்சையில் தூசு என்று எழுது. அது உண்மை, உண்மையை எழுதுவதில் உனக்குப் பாவமில்லை” என்றேன். பிறகு எங்கள் பாடத்துக்கு வந்தோம். தமிழில் நாம் ‘நட்சத்திரம் விழுந்தது’ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அரபியில் நஜ்ம், கவ்கப் என்பவை வேறு, ஷிஹாப் வேறு. நிலைத்து நின்று வழிகாட்டுவது நஜ்ம். சூரா அஸ்ஸாஃப்பாத்தில் ஒட்டுக்கேட்க முயல்வோரைத் துரத்திச் செல்வதாகச் சொல்லப்படும் தீச்சுடர் ஷிஹாப். இந்த ஐந்தாம் வசனத்துக்கு விளக்கம் எழுதும் இமாம் இப்னு கஸீர் (ரஹ்), வானில் இருக்கும் விண்மீன்களே எறியப்படுவதில்லை, அவற்றுக்குக் கீழே உள்ள தீச்சுடர்களே எறியப்படுகின்றன என்ற கருத்தைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அவர் ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அப்போது தொலைநோக்கி கிடையாது. வசனத்தைக் கவனமாகப் படித்தார், வானத்தையும் பார்த்தார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அறிவியல் செய்தி வரும்போதும் ‘இதோ, குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது’ என்று துண்டறிக்கை அச்சடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எரிகல்லின் எடையையும் வேகத்தையும் அளந்து சொல்வது ஆய்வாளரின் வேலை. மறைவான உலகில் அது எதற்காக ஏவப்படுகிறது என்பது வஹியின் வழியே மட்டும் நமக்குக் கிடைத்த செய்தி. தராசில் வைத்து ஷைத்தானை நிறுக்கவும் முடியாது. தராசில் ஏறவில்லை என்பதால் வஹியைத் தள்ளவும் முடியாது. பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள். கேள்வி கேட்ட பிள்ளை, “அப்போ அதை நேரில் பார்க்கலாமா?” என்றாள்.

பார்க்கலாம். ஜெமினிட் எனப்படும் எரிகற்பொழிவு ஆண்டுதோறும் டிசம்பர் 14ஐ ஒட்டி உச்சத்தை அடைகிறது. 2023இல் நமது நேரப்படி அந்த உச்சம் 14ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி வந்தது. போதாததற்கு அமாவாசை கழிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அன்று மாலை மெல்லிய தலைப்பிறை தோன்றி இஷா நேரத்தை ஒட்டி மறைந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் உம்மாவின் இத்தாவில் நான்கு மாதமும் அன்றோடு நிறைந்து, பத்து நாள் எஞ்சி நின்றது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் தங்கள் உம்மாமார்களோடு, பெண்கள் புழங்கும் முடுக்கு வழியாக எங்கள் கொல்லைக்கு வந்தார்கள். கோரைப்பாய்களை விரித்து மல்லாந்து படுத்தோம். வீட்டு விளக்குகளை அணைத்தாயிற்று. கைப்பேசிகளை எல்லாம் வாங்கி அரிசிப் பானையின் மேல் கவிழ்த்து வைத்தேன். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், அதற்குள் ஒருமுறை அந்தத் திரையைப் பார்த்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொலைநோக்கி தேவையில்லை. உண்மையில் அது இடைஞ்சல். எரிகல் எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டித் தெரியாதாகையால் அகன்று விரிந்த வெறுங்கண்தான் இதற்குரிய கருவி.

கடற்கரைப் பக்கமிருந்து மேகம் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. மேகம் விலகிய இடத்தில் நான் பிள்ளைகளுக்குப் பெயர்களைச் சொன்னேன். நாம் ரோகிணி என்று சொல்லும் சிவந்த விண்மீன், உலகம் முழுவதும் ‘அல்டெபரான்’ என்று அறியப்படுகிறது. அது ‘அத்தபரான்’, பின்தொடர்வது என்னும் அரபுச் சொல். அதற்குக் கீழே ‘ரைஜெல்’ என்பது ‘ரிஜ்ல்’, அதாவது கால். புனர்பூசம் என்று பஞ்சாங்கத்தில் வரும் இரட்டை விண்மீன்களை அரபியர் ‘அத்திராஉ’ என்றார்கள், முன்னங்கை என்று பொருள். மதரஸாவில் சொற்பொருள் மனப்பாடம் செய்யும்போது கொட்டாவி விடும் பிள்ளைகள், வானத்தில் அதே சொற்கள் தொங்குவதைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். நம் முன்னோர் கடலில் கப்பலோட்டிய காலத்தில் இவை பாடமல்ல, வழி.

ஜெமினிட் எரிகற்கள் அந்த இரட்டை விண்மீன்களின் பக்கமிருந்து கிளம்பி வருவதுபோல் தோன்றும். அவை உண்மையில் இணையான பாதைகளில்தான் வருகின்றன. தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தெரிவதைப் போன்ற கண்மயக்கம் அது. பெரும்பாலான எரிகற்பொழிவுகளுக்கு வால்வெள்ளிகள் காரணம். இதற்குக் காரணமாக இருப்பதோ ஃபேத்தான் என்ற பாறைக் கோள். 1983இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர் அகலம் இருக்கும். ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. அது சிந்திய துகள்கள் அதன் பாதை நெடுகிலும் கிடக்கின்றன. திருச்செந்தூர்ச் சாலையில் மணல் லாரி சிந்திப் போன இடத்தை நம் வண்டி கடக்கும்போது சக்கரத்தில் நறநறவென்று மணல் படுவதில்லையா, அப்படித்தான் பூமி ஒவ்வோர் ஆண்டும் அதே நாட்களில் அந்தத் துகள்களைக் கடக்கிறது. மணல் பருமனுள்ள ஒரு துகள் வினாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் புகுந்து, நமக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்ந்து அழிகிறது. நாம் நட்சத்திரம் என்று நினைத்தது அந்த மணல்தான்.

முதல் எரிகல் பத்தரை மணிக்குத் தென்பட்டது. வெள்ளையாக, அவசரமில்லாமல், கிழக்கிலிருந்து தென்னையின் தலைவரை ஓடி மறைந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். நான் “சுப்ஹானல்லாஹ்” என்றேன். அந்தக் கணத்தில் கொல்லைக் கதவுக்கு உள்ளிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

“போதும், எல்லாரும் உள்ளே வாங்க.”

குரலில் கோபம் இல்லை. நடுக்கம் இருந்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். இருட்டில் நிலைப்படிக்கு உட்புறம், தஸ்பீஹைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். நெடுநேரம் கழித்துச் சொன்னார்கள்.

“வாப்பா மௌத்தாவுறதுக்கு மூணு நாளைக்கு முந்தி, தஹஜ்ஜுதுக்கு ஒளு செய்ய வந்தேன். கிணத்தடியிலே நிமிர்ந்து பார்த்தேன். பெருசா ஒண்ணு விழுந்துச்சு. நான் பார்த்திருக்கக் கூடாது.”

நான்கு மாதம். அத்தனை நாளும் உம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. மாமிமார்களும் மச்சிமார்களும் வந்து அழுதபோதும், மருத்துவர் கூறிய காரணங்களை நாங்கள் திரும்பத் திரும்பப் பேசியபோதும், உம்மா தம் கணக்கில் வேறொரு காரணத்தை வைத்திருந்தார்கள். அந்தக் காரணம் தாமே என்று நினைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகளாக அகீதா பாடம் நடத்துகிற வீட்டில் இது நடந்தது.

“அதில் ஒன்றுமில்லை உம்மா” என்று சொல்லியிருந்தால், துக்க வீட்டில் எல்லாரும் சொல்லும் வார்த்தைகளில் ஒன்றாக அது போயிருக்கும். ஆகவே ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், அன்ஸாரிகளில் ஒருவரிடமிருந்து கேட்டு அறிவித்தது. ஓர் இரவு தோழர்கள் நபி (ஸல்) அவர்களோடு அமர்ந்திருந்தபோது ஓர் எரிநட்சத்திரம் ஒளிவிட்டுப் பாய்ந்தது. இவ்வாறு நிகழ்ந்தால் அறியாமைக் காலத்தில் என்ன சொல்லிவந்தீர்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். இன்றிரவு ஒரு பெரிய மனிதர் பிறந்திருக்கிறார் அல்லது ஒரு பெரிய மனிதர் இறந்திருக்கிறார் என்று சொல்லிவந்தோம் என்றார்கள் தோழர்கள். அதற்கு நபியவர்கள், அது யாருடைய இறப்புக்காகவும் எறியப்படுவதில்லை, யாருடைய வாழ்வுக்காகவும் எறியப்படுவதில்லை என்று விளக்கினார்கள்.

உம்மா முகத்தைத் திருப்பினார்கள். “இதையேவா கேட்டாங்க?”

“இதையேதான். நம்ம உம்மம்மா சொன்ன அதே சட்டத்தைத்தான் மதீனாவில் உள்ளவங்களும் சொல்லியிருக்காங்க.”

தம் பிஞ்சு மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தபோது நடந்ததையும் நினைவூட்டினேன். மகனுக்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு தந்தைக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். நபியவர்கள் அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்ளவில்லை. சூரியனும் சந்திரனும் யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லித் தொழுகைக்கு நின்றார்கள். இந்த ஹதீஸை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அந்த இரவில், உம்மாவின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு சொன்னபோது, அதில் இருக்கும் தந்தை முதன்முறையாக என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

பிறகு தேதியைக் கேட்டேன். ஆகஸ்ட் 14 விடியற்காலை. ஆகஸ்ட் 12, 13 தேதிகளை ஒட்டிப் பெர்ஸீட் என்ற மற்றோர் எரிகற்பொழிவு உச்சத்தில் இருக்கும். 133 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோகும் ஒரு வால்வெள்ளி விட்டுச்சென்ற தூசு அது. அந்த வாரம் விடிவதற்கு முன் எவர் கிணற்றடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்திருந்தாலும் ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும். “நீங்க பார்த்ததை அன்னிக்கு எத்தனையோ ஊர்ல எத்தனையோ பேர் பார்த்திருப்பாங்க உம்மா. அவங்க வீட்டு ஆளெல்லாம் மௌத்தாகல்லை.”

உம்மா பதில் பேசவில்லை. நானும் இழுத்துக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்து பாயில் படுத்தேன். கால்மணி நேரம் கழிந்திருக்கும். என் பக்கத்தில் பாய் அசைந்தது. வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உம்மா உட்கார்ந்திருந்தார்கள். படுக்கவில்லை. கழுத்தை மட்டும் மெல்ல மெல்ல உயர்த்தினார்கள்.

நபி (ஸல்) அவர்கள் இரவின் கடைசிப் பகுதியில் எழுந்து, வானத்தைப் பார்த்து, சூரா ஆலு இம்ரானின் இறுதி வசனங்களை ஓதியதாக, தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் தங்கியிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த வசனங்களைப் பிள்ளைகள் ஓதினார்கள். விழும் நட்சத்திரத்தைப் பார்வையால் பின்தொடர வேண்டாம் என்று தாங்கள் தடுக்கப்பட்டதாக அபூ கதாதா (ரலி) வழியே ஒரு செய்தி முஸ்னது அஹ்மதில் உண்டு. அதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. குறி பார்க்கும் பழக்கத்தை அறுப்பதற்கான தடை என்றே நான் அதை விளங்கிக்கொள்கிறேன். வேறு விதமாக விளங்குவோரோடு எனக்கு வழக்கில்லை.

நள்ளிரவு தாண்டி அரைமணி வரை இருந்தோம். மணிக்கு நூற்றுக்கு மேல் என்று நாளிதழில் போட்டிருந்தார்கள். அது ஊர் வெளிச்சமே இல்லாத இடத்தில், மேகமே இல்லாத வானத்துக்கான கணக்கு. எங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கை நாற்பத்தொன்றில் நின்றது. ஒருத்தி நாற்பத்து மூன்று என்று இன்றும் சாதிக்கிறாள். உம்மா எண்ணவில்லை. ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்ததை மட்டும் பார்த்தேன்.

கட்டுரை இந்த இடத்தில் முடிந்திருக்கலாம். ஆனால் மூன்றாம் நாள் மழை வந்தது.

டிசம்பர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழையை இந்தப் பக்கத்தார் எவரும் மறக்கமாட்டார்கள். திங்கள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது என்றார்கள். தாமிரபரணி கரை மீறியது. குளங்கள் உடைந்தன. சாலை அறுந்தது, மின்சாரம் போயிற்று, கைப்பேசி கோபுரங்களும் ஓய்ந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது.

எங்கள் வீட்டுக்குள் ஞாயிறு இரவு முழங்காலளவு தண்ணீர். அடுத்த தெருவில் மாடி வீடு இருக்கும் உறவினர் எங்களை அழைத்துப்போக ஆள் அனுப்பினார்கள். உம்மா கட்டிலின் மேல் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றார்கள். “நான் இத்தாவிலே இருக்கேன். இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. கெடுத்துக்கமாட்டேன்.” உயிருக்கு ஆபத்து, வீடு இடியும் அச்சம், வெள்ளம், நெருப்பு ஆகிய நிர்ப்பந்தங்களில் இத்தாவில் இருப்பவள் வீட்டைவிட்டு வெளியேறலாம், அதனால் இத்தா முறிவதில்லை என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. அதைச் சொன்னேன். சரி என்று உம்மா தலையசைப்பதற்குள் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மாடியில் இருபது இருபத்தைந்து பெண்கள் இருந்தோம். ஒரு மெழுகுவர்த்தி. குழந்தைகள் அழுதன. அரிசி இருந்தது, அடுப்பு மூட்ட வழியில்லை. இப்படிப்பட்ட இரவுகளில் மனிதர்கள் காரணம் தேடுவார்கள். ஹிஜ்ரி 599 முஹர்ரம் மாதத்தின் கடைசி இரவில், அதாவது கி.பி. 1202இல், விண்மீன்கள் வெட்டுக்கிளிக் கூட்டம் போல் வானமெங்கும் பறந்ததாகவும், மக்கள் அஞ்சி இறைவனிடம் மன்றாடியதாகவும் அரபு வரலாற்றாசிரியர்கள் பதிந்துவைத்திருக்கிறார்கள். அது லியோனிட் என்ற பொழிவின் பெருவீச்சு என்று இன்றைய வானியலார் அந்தப் பதிவைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். அந்த மக்களை நான் ஏளனமாக நினைக்கவில்லை. இருட்டில், தண்ணீருக்கு நடுவே, நானும் ஏதேனும் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் விரும்பினேன்.

காரணம் வந்து சேர்ந்தது. எங்கள் கொல்லைக்குப் பிள்ளையோடு வந்திருந்த ஒரு பெண்ணே மெதுவாக ஆரம்பித்தாள். “மூணு நாளைக்கு முந்தி வானத்திலேருந்து அத்தனை விழுந்துச்சே. அன்னிக்கே எனக்கு மனசு சரியில்லை.” இன்னொருத்தி ஆமாம் என்றாள். பார்க்கப் போயிருக்கக் கூடாது என்று மூலையிலிருந்து ஒரு குரல். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா பேசினார்கள்.

“அது வருஷா வருஷம் இந்தத் தேதிக்கு வருதாம். போன வருஷமும் வந்துச்சு. போன வருஷம் வெள்ளம் வந்துச்சா?”

யாரும் பதில் சொல்லவில்லை.

“குளம் உடைஞ்சு தண்ணி வந்திருக்கு. நட்சத்திரம் உடைஞ்சு வரல்லை. யாரோட மௌத்துக்கும் அது விழுறதில்லேன்னு ரசூலுல்லாஹ்வே சொல்லிட்டாங்க.” சற்று நேரம் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, ஒருவரும் கேட்காமலே, “எங்க வீட்டாளு மௌத்தானதும் அதனாலே இல்லை” என்றார்கள்.

பேச்சு அத்தோடு நின்று, நாளைக்குக் கஞ்சிக்கு என்ன செய்வது என்பதற்குத் திரும்பியது.

நான்காம் நாள் வீட்டுக்குத் திரும்பினோம். கொல்லைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்புக்கு மேல் இருந்தது. கிதாபுகள் இரண்டு அலமாரி போயிற்று. அதில் நான் பட்டயப் படிப்புக் காலத்தில் கையால் எழுதிய குறிப்பேடுகளும் அடக்கம். சேற்றை வழித்தெறியும் வேலையில் உம்மா எங்களைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். மின்சாரம் வராத அந்த இரவுகளில் மழை கழுவிய வானம் நான் பிறந்து வளர்ந்த காலத்தில் பார்த்ததைப்போல் அடர்ந்திருந்தது. உம்மா தாமே கொல்லைக்கு வந்து உட்கார்ந்தார்கள். இத்தாவின் கடைசி இரவையும் அங்கேதான் கழித்தார்கள். உறவுக்காரப் பெண்கள் அதைக் கண்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அவரவர் வீட்டுச் சேறே அவரவருக்குப் பெரிதாக இருந்தது.

2024 ஆகஸ்ட் தொடங்கியதும், அந்தத் தூசு எந்தத் தேதிக்கு வரும் என்று உம்மா என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். நாட்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டார்கள். அன்று நிலா நள்ளிரவை ஒட்டி மறைந்துவிட்டது. காற்று பலமாக இருந்தது, மேகம் இல்லை. என்னை எழுப்பச் சொல்லியிருந்தும் உம்மா எழுப்பவில்லை. நான் விழித்தபோது கொல்லைக் கதவு திறந்திருந்தது. கிணற்றடியில் நாற்காலி போட்டு வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

“எத்தனை உம்மா?” என்றேன்.

“மூணு. ஒண்ணு சின்னது.” எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, ஒளு செய்யக் குழாயைத் திறந்தார்கள்.